கடற்கரை மணலில் வண்டி சிக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மணலில் புதைந்த வண்டியை எடுக்கப் போகும்போது, ஓட்டி வந்தவரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: வண்டி நின்ற பிறகு எத்தனை தடவை ஆக்சிலரேட்டரை மிதித்தீர்கள்? ஒரு தடவை என்றால் கால் மணி நேர வேலை. நாலைந்து தடவை என்றால் மண்வெட்டியோடு ஒரு மணி நேரம். "எப்படியும் வந்துடும்னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றால், வண்டியின் வயிறு ஏற்கெனவே மணலில் படுத்திருக்கும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மோசமான சிக்கல்கள் பெரும்பாலும் நின்ற பிறகு மிதித்த மிதியால் வந்தவை.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழும்: "போன தடவை வேற பீச்ல இதே கார் நல்லாத்தானே ஓடுச்சு." ஓடியிருக்கும். வண்டி ஓட்ட அனுமதியுள்ள கடற்கரைகள் எல்லாம் ஒரே மணல் இல்லை. கேரளத்தில் கண்ணூர் பக்கத்து முழப்பிலங்காட்டில் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்துக்கு மணல் இறுகிக் கிடக்கிறது. சாதாரணக் கார் போகும். ஜப்பானின் சிரிஹாமாவில் மணல் மாவு போல நுண்ணியது; ஈரத்தில் கெட்டிப்படுவதால் சுமார் 8 கி.மீ. தூரத்துக்குச் சுற்றுலாப் பேருந்தே ஓடுகிறது. ஃபிரேசர் தீவு என்று முன்பு அழைக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் கர்ரி தீவிலோ ஃபோர்வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போகும் வண்டி) இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது. ஒரே கடற்கரையில்கூட, காலையில் தாங்கிய மணல் மதியம் காய்ந்து பொலபொலத்து விழுங்கிவிடும்.

கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் கேப் ஹேட்டரஸ் கடற்கரையின் விதியை நான் எல்லோருக்கும் சொல்வேன். அங்கே மணலில் இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டியில் நான்கு பொருள் இருந்தாக வேண்டும்: குறைந்த அழுத்தத்தையும் சரியாகக் காட்டும் ஏர் கேஜ், மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. இதனோடு பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் கம்ப்ரசரையும் ஒரு நல்ல இழுவைக் கயிறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி இந்த ஆறு பொருளில் முடிந்துவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் ஒரு நிமிடம்

காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். வண்டியைப் பார்க்கும் முன் கடலைப் பாருங்கள்.

கரையில் பாசி, சிப்பி, குப்பை எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். கடைசியாகக் கடல் ஏறிய இடம் அது. உங்கள் வண்டி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழேயா? கடல் இப்போது ஏறுகிறதா, வடிகிறதா?

பெரும்பாலான கரைகளில் கடல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஏறி, ஏறத்தாழ அதே நேரம் வடியும். ஆனால் ஒரே சீராக ஏறாது. முதல் மணி நேரத்தில் நகர்வதே தெரியாது. மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். "அரை மணியா இவ்வளவுதான் வந்திருக்கு" என்ற கணக்கை நம்பி வண்டியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். மெக்சிகோ வளைகுடாவின் பல கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். ஓர் ஊர்க் கணக்கை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. இறங்கப்போகும் கரைக்கான ஏற்ற வற்ற அட்டவணையைப் போனில் முன்பே எடுத்து வைத்திருங்கள்.

கடல் வடிகிறது என்றால் நேரம் இருக்கிறது. கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். ஏறுகிறது, ஆனால் வண்டி பாசிக் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்றால் நீங்களே முயல அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, அதற்குள் வராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். ஏறுகிறது, வண்டியும் கோட்டுக்குக் கீழே என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: வண்டி ஓடுகிறது, ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் குறைகிறது

புதைவதற்கு முந்தைய கட்டம் இது. இங்கேயே சரிசெய்தால் மண்வெட்டியைத் தொட வேண்டியதில்லை.

டயரில் காற்று அதிகம். பத்தில் எட்டுத் தடவை இதுதான். தார்ச்சாலைக்கு வைத்த 32, 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கியிருப்பார்கள். நான்கு டயரிலும் 20-க்கு இறக்குங்கள். கேஜ் வைத்துப் பார்த்தே இறக்குங்கள். கண்ணால் பார்த்து, காலால் உதைத்துச் சொல்லும் கணக்கு மணலில் தப்பும். காற்று குறைந்தால் டயர் அகலமாவதைவிட முன்னும் பின்னும் நீளமாகப் படியும். எடை பரவும், வண்டி மணல்மேல் மிதந்து போகும். 20-லும் இழுக்கிறது என்றால் 16 வரை போகலாம். பக்கச்சுவர் குட்டையான டயர் என்றால் 20-க்குக் கீழே இறக்காதீர்கள்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலையில் இருக்கிறது. சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் அது இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடும். தார்ச்சாலை மழையில் உயிர் காக்கும் அதே வசதி மணலில் வண்டியை நிறுத்திவிடும். நீங்கள் மிதிக்கிறீர்கள், இன்ஜின் கேட்கவில்லை, மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கான பொத்தானை அழுத்துங்கள். பல வண்டிகளில் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும். மணலுக்கென்று தனி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

கியர் தப்பு. மேல் கியரில் உருட்டிக்கொண்டு வந்து, வேகம் குறைந்தபின் கியர் மாற்றினால், கிளட்சை மிதிக்கும் அந்த ஒரு நொடியில் வண்டி நின்றுவிடும். மென்மணல் வருமுன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் அமைப்பு) உள்ள வண்டியென்றால் அதைப் போட்டு இரண்டாம், மூன்றாம் கியரில் போங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் தானாக மேல் கியருக்குப் போகாதபடி கையால் பிடித்து வையுங்கள்.

தடம் தப்பு. முந்தைய வண்டி போன பள்ளத்தில், உங்கள் வண்டியின் வயிறு தட்டாத வரைக்கும், போவதே நல்லது. அங்கே மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். கடல் வடிந்த பிறகு தெரியும் கருத்த ஈரப்பட்டைதான் பெரும்பாலும் கெட்டியான தடம். ஆனால் கண்ணாடி போல மினுமினுக்கும் ஈரமும், நடுவே சிற்றோடை கடலில் கலக்கும் இடமும் தனி ஆபத்து. நியூசிலாந்தின் நைன்ட்டி மைல் கடற்கரைக்கு இறங்கும் டே பாக்கி ஓடையின் படுகை புதைமணல். அதில் நடுவே நின்றுவிடக்கூடாது என்று அங்கே போகும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புவார்கள். ஓடை எதுவானாலும் முதலில் நடந்து பாருங்கள். உங்கள் கால் கணுக்கால்வரை இறங்கினால் வண்டியை விடாதீர்கள்.

இந்த நான்கையும் பார்த்த பிறகும் கெட்டி மணலில்கூட வண்டி திணறுகிறது என்றால் பிரேக் ஏதோ ஒரு சக்கரத்தைப் பிடித்திருக்கலாம். இறங்கி ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அன்றைக்கு மணல் போதும். மெல்ல ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

## அறிகுறி 2: சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

முதலில் ஆழம் பாருங்கள். ரிம்மின் கீழ்விளிம்பு மணலைத் தொடவில்லை என்றால் லேசான சிக்கல். ரிம் பாதி மறைந்துவிட்டால் தோண்டாமல் வராது. குனிந்து, வண்டிக்கு அடியில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அறிகுறி 3.

முதல் முயற்சி, வந்த வழியே பின்னால். முன்னால் இருப்பது புது மணல். பின்னால் இருப்பது நீங்களே அழுத்திவிட்டு வந்த தடம். ஸ்டியரிங்கை நேராக்குங்கள், திரும்பியிருக்கும் முன்சக்கரம் ஏர் போல மணலை உழுமே தவிர உருளாது. ரிவர்ஸ் போட்டு, மெல்ல, சக்கரம் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் காலை எடுங்கள். இரண்டு தடவை. மூன்றாவது வேண்டாம்.

இரண்டாவது, காற்று. 20-ல் சிக்கியிருந்தால் 16. 16-ல் சிக்கியிருந்தால் 12. பன்னிரண்டு என்பது வெளியே வருவதற்கு மட்டும். நேர்கோட்டில், நடை வேகத்தில். வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையிலேயே மண்வெட்டி எடுக்காமல் வெளியே வந்த வண்டிகள் ஏராளம். ஆனாலும் புதைந்தவர்கள் கடைசியாகத்தான் இதைச் செய்கிறார்கள். கூட்டம் கூடித் தள்ள ஆரம்பித்துவிடுகிறது, யாருக்கும் வால்வு ஞாபகம் வருவதில்லை.

மூன்றாவது, தோண்டல். நான்கு சக்கரத்துக்கும் தோண்ட வேண்டும், சுழலும் சக்கரத்துக்கு மட்டுமல்ல. போகப்போகும் திசையில், சக்கரத்தின் அடியிலிருந்து தரை மட்டம்வரை சாய்தளம் போல நீளமாக வெட்டுங்கள். செங்குத்தாக ஒரு குழி வெட்டினால் அதே சுவரில் போய் முட்டி நிற்கும். வெட்டிய மணலை வண்டிக்கு அடியில் தள்ளாமல் தூரப் போடுங்கள்.

நான்காவது, பலகை. மணலுக்கென்றே விற்கும் பல் வைத்த பிளாஸ்டிக் பலகை இருந்தால் சாய்தளத்தில், சக்கரத்தின் அடியில் நன்றாகச் செருகுங்கள். பலகைமேல் சக்கரம் சுழன்றால் பல் உருகிவிடும், மெதுவாக ஏற்றுங்கள். காரின் மிதியடியை வைப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அது பாதித் தடவை சக்கரத்தில் சிக்கிப் பின்னால் பறக்கும். தள்ளுகிறவர்கள் எவரும் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது. பலகையும் மிதியடியும் அந்த வழியாகத்தான் வரும். ரிவர்ஸில் எடுக்கும்போது வண்டிக்குப் பின்னால் ஆளே இருக்கக்கூடாது.

ஐந்தாவது, இன்னொரு வண்டி வைத்து இழுப்பது. இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் வண்டி புதைந்ததற்காக யாரும் சாகக்கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டி வெட்டி இழுத்து, அந்த உருண்டை முறிந்து குண்டு போலப் பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. அதில் கட்டவே கூடாது. பம்பரிலும், ஆக்சிலிலும், லாரியில் ஏற்றும்போது கட்ட வைத்திருக்கும் மெல்லிய வளையத்திலும் கட்டக்கூடாது. பெரும்பாலான கார்களில் பம்பருக்குள் ஒரு மூடி இருக்கும். டூல் கிட்டில் உள்ள இழுவை வளையத்தை அங்கே கடைசி மரைவரை திருகி மாட்ட வேண்டும். அந்த வளையமும் மெதுவாக, நேர்கோட்டில் இழுப்பதற்குத்தான். வெட்டி இழுப்பதைத் தாங்காது.

இழுக்கும் முன் நன்றாகத் தோண்டுங்கள். தோண்டிவிட்டால் மெதுவாக இழுத்தாலே வரும். இரும்புச் சங்கிலி வேண்டாம். கயிற்றின் நடுவில் ஈரமான போர்வையோ கனமான பையோ தொங்கவிடுங்கள். அறுந்தால் அடிக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஓட்டுநர் இருவரைத் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். குழந்தைகளை மணற்பரப்பை விட்டே அனுப்பிவிடுங்கள்.

இழுவை வளையம் எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை, இழுக்க வந்தவருக்கும் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். சாலையோர உதவித் திட்டங்கள் பலவும் மணலுக்குள் வராது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவும் கடற்கரையில் ஓட்டுவதையே தடுக்கின்றன. இறங்குவதற்கு முன்பே படித்துவிட்டு, உள்ளூரில் மணலுக்குள் வந்து இழுப்பவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வண்டி வெளியே வந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். தோண்டிய குழிகளையும் ஆழமான சக்கரத் தடங்களையும் மூடுங்கள். இரவில் அடுத்து வருபவர் அதில் விழுவார். ஆமைகள் முட்டையிடும் கரையென்றால், முட்டையிலிருந்து வந்த குஞ்சு கடலைத் தேடிப் போகும் வழியில் அந்தத் தடத்துக்குள் விழுந்தால் ஏற முடியாது. விடிந்ததும் பறவைக்கும் வெயிலுக்கும் பலியாகும். பத்து நிமிட மண்வெட்டி வேலை அது, நம்மால் விழுந்த குழிக்கு நாம் செய்ய வேண்டியது.

## அறிகுறி 3: நான்கு சக்கரமும் சும்மா சுழல்கிறது, வண்டியின் வயிறு மணலில் படுத்துவிட்டது

எடை முழுக்க வயிற்றில் நிற்கிறது. டயரில் காற்றைக் குறைப்பதாலும், பின்னால் தள்ளுவதாலும், மிதிப்பதாலும் பயன் இல்லை. இரண்டே வழி: அடியிலிருக்கும் மணலை எடுப்பது அல்லது வண்டியைத் தூக்குவது.

மணலை எடுப்பது பாதுகாப்பானது. நீளப் பிடி மண்வெட்டியால் பக்கவாட்டிலிருந்து இழுத்து இழுத்து எடுங்கள். வண்டி திடீரென்று அமரும். கையும் தலையும் உள்ளே போகக்கூடாது. சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதன் வாய் மணலில் மூடியிருந்தால் முதலில் அதைத் திறந்துவிட்டுத்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும்; இல்லையேல் புகை வண்டிக்குள்ளேயே வரும்.

தூக்குவதென்றால் ஜாக்கியின் அடியில் பலகை கட்டாயம். வெறும் மணலில் வைத்த ஜாக்கி வண்டியைத் தூக்காமல் தானே கீழே இறங்கும். சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் அதன் அடியில் மணலை இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தி, மேலே பலகை போட்டு இறக்குங்கள். ஒரு சக்கரம் முடித்து அடுத்தது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக்கூடாது.

இரண்டு பேர் ஒரு மணி நேரம் தோண்டியும் அடியில் வெளிச்சம் தெரியவில்லை என்றால், அல்லது அடியில் எண்ணெய் ஒழுகல் தெரிந்தால், வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) உள்ள மீட்பு வண்டிதான்.

## அறிகுறி 4: ஈர மணலில் வண்டி தானாக இறங்குகிறது, கடல் ஏறி வருகிறது

ஒவ்வொரு அலையும் டயரைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும். இன்ஜினின் அதிர்வு ஈர மணலைக் குழைத்து மேலும் இறக்கும்.

ஆட்களை, குறிப்பாகக் குழந்தைகளையும் முதியவர்களையும், பாசிக் கோட்டுக்கு மேலே அனுப்புங்கள். ஒருவர் கடற்கரைக் காவலையோ அவசர எண்ணையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். முயன்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இங்கே தள்ளிப்போடக்கூடாது. மற்றவர் காற்றை 12-க்கு இறக்கி, கடலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரே ஒரு தடவை, ஆட்கள் பக்கவாட்டில் நின்று தள்ள, எடுக்கப் பார்க்கலாம். காப்பாற்ற வரும் வண்டி கெட்டி மணலிலேயே நின்று நீளக் கயிறு போட வேண்டும். உதவப்போன இரண்டாவது வண்டியும் அதே இடத்தில் புதைந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் கடல் எடுத்துக்கொண்டது.

அலை சக்கரத்தின் மையம்வரை அடிக்கத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். மின் கண்ணாடிகள் வேலை செய்யும்போதே இறக்கி, இன்ஜினை அணைத்து, காகிதங்களையும் போனையும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். டீசலோ ஆயிலோ கடலில் கலக்கிறது என்றால் கடற்கரை நிர்வாகத்திடம் உடனே சொல்ல வேண்டும். வண்டியின் விலை எவ்வளவானாலும், அலைக்கும் அவ்வளவு கனமான இரும்புக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கக்கூடாது.

இந்த நிலை வராமலிருக்க ஒரே வழி நேரக் கணக்கு. கர்ரி தீவில் கடல் முழுதாக ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் இரண்டு மணி பின்னும் கடற்கரையில் ஓட்ட வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள். நான் எல்லாக் கரைக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன். நிறுத்தும்போது வண்டியின் மூக்கு எப்போதும் இறக்கம் பார்த்து, கெட்டி மணலில். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் முன்டயருக்கு எதிரே மணல் குவிந்து மறுபடி கிளம்ப விடாது. காலை எடுத்துத் தானாக உருண்டு நிற்க விடுங்கள்.

## அறிகுறி 5: டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிட்டது

காற்று மிகக் குறைவாக இருக்கும்போது சட்டென்று திருப்பினால் இப்படி ஆகும். ஸ்டெப்னி இருந்தால் பலகை வைத்து ஜாக்கி ஏற்றி மாற்றுங்கள். மாட்டும் முன் ரிம் அமரும் இடத்திலும் போல்ட்டிலும் மணல் இல்லாமல் துடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் போதும், போல்ட் இறுகியது போல ஏமாற்றிவிட்டுச் சாலையில் தளரும். சாலை ஏறி சில கி.மீ. ஓட்டியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து டயரை ரிம்மில் ஏற்றும் வித்தையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கழன்ற டயரைக் கடையில் கழற்றி, உட்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

## அறிகுறி 6: கருகல் வாடை அல்லது வெப்பமுள் ஏறுகிறது

கருகிய வாடை, இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகரவில்லை: கிளட்ச். அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஆறிய பிறகு கெட்டி மணலில் பிடித்தால் மெல்ல வெளியே வந்துவிடலாம். ஆறியும் வழுக்கினால் கயிறுதான், பிறகு கிளட்ச் பிளேட் மாற்றுதல்.

ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை வந்தால்: முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஆட்டி எடுக்கப் பார்த்திருப்பீர்கள். நிறுத்துங்கள். விளக்கு அணையும்வரை காத்திருந்து தோண்டும் வேலைக்குப் போங்கள்.

இன்ஜின் வெப்பமுள் ஏறினால் ஏசியை அணைத்து, வண்டி முகம் காற்றைப் பார்த்து நிற்கும்படி விடுங்கள். ஆறியதும் ரேடியேட்டர் முன் கிரில்லில் மணலோ புல்லோ அடைத்திருக்கிறதா பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். கூலன்ட் அளவு குறைந்திருந்தால், அல்லது ஆறிய பிறகும் முள் ஏறினால், இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

## அறிகுறி 7: பைக் சாய்கிறது, வால் ஆடுகிறது

சைடு ஸ்டாண்டு மணலில் இறங்கிச் சாய்வதற்கு, அடியில் ஒரு தட்டையான பலகைத் துண்டு போதும். ஓட்டும்போது வால் ஆடினால் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். எடையைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து நேராகப் போனால் நிமிரும். பின்சக்கரம் புதைந்தால் இறங்கி, இன்ஜின் ஓட, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் எடுங்கள். செயினில் மணலோடு எண்ணெய் சேர்ந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கழுவிக் காய்ந்த பிறகே எண்ணெய் போடுங்கள்.

## அறிகுறி 8: தார்ச்சாலை ஏறியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது

முதலில் காற்று. 20-ல் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். கம்ப்ரசரால் ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும். காற்று சரியாக இருந்தும் 60, 80-ல் நடுங்கினால், ரிம்மின் உட்புறம் பாருங்கள். ஈர மணல் அப்பிக் காய்ந்து கெட்டியாகியிருக்கும். சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்க அது போதும். குச்சியால் சுரண்டித் தண்ணீர் அடித்தால் நடுக்கம் அங்கேயே நிற்கும். இதற்காக அலைன்மென்ட், புது டயர் என்று செலவு செய்துவிட்டு வந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். கழுவியும் நிற்காவிட்டால் பேலன்சிங், அதன்பின் வளைந்த ரிம் என்று பாருங்கள்.

## அறிகுறி 9: சக்கரத்தில் கரகரப்பு, அல்லது மறுநாள் வண்டி நகர மறுக்கிறது

பிரேக் போடாமலே கரகரத்தால், டிஸ்க்கிற்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில் மணல் சிக்கியிருக்கும். முன்னும் பின்னும் சில தடவை உருட்டி, நல்ல தண்ணீரைப் பீய்ச்சினால் போகும். பிரேக் போடும்போது மட்டும் கரகரத்தால் பேடில் மணல் பதிந்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வேகம் ஏற ஏற ஊளையிட்டால் பேரிங்; அதைத் தள்ளிப்போடக்கூடாது.

மறுநாள் காலையில் வண்டி அசையவில்லை என்றால் ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதில் டிஸ்க் துருப்பிடித்து பேடோடு ஒட்டியிருக்கும். மெல்ல முன்னும் பின்னும் கொடுத்தால் "டக்" என்று விடும். இரண்டு மூன்று தடவையில் விடாவிட்டால் பலவந்தம் வேண்டாம், மெக்கானிக். கடற்கரையிலிருந்து வந்த இரவு, சமதளத்தில், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துவதே என் வழக்கம்.

## அறிகுறி 10: வண்டி கடல்நீரில் இறங்கிவிட்டது

டயர் மட்டும் நனைந்திருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் முழுவதும், ரிம் உட்புறம், ஸ்பிரிங் அமரும் கிண்ணங்கள், இழுவை வளையத்துளை எல்லாம் கழுவுங்கள். மேல்பகுதியைப் பளபளப்பாக்கிவிட்டு அடிப்பாகத்தை விடுவதுதான் வழக்கமான தப்பு. துரு கீழிருந்துதான் வரும். கழுவிய பின் சிறிது தூரம் ஓட்டி, பிரேக் போட்டுப் போட்டுக் காய வையுங்கள்.

ஆக்சில் மூழ்கியிருந்தால் மெக்கானிக்கிடம் போய் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக ஓடிய டிஃபரன்ஷியல் திடீரென்று குளிரும்போது சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் மாற்றியாக வேண்டும்.

நீரில் இன்ஜின் நின்றுபோனதென்றால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்யும் ஒரு முயற்சியிலேயே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

மின்சார வண்டியோ ஹைபிரிடோ கடல்நீரில் மூழ்கியிருந்தால் நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அயன் புயலில் உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, வெள்ளம் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. வீட்டுக் காரேஜுக்குள் கொண்டுபோகாமல், கட்டடத்தையும் மற்ற வண்டிகளையும் விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடும்போது "தண்ணீரில் இறங்கிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், உப்புநீர், எந்த உயரம்வரை, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.